டெம்ப்ளேட்டில் போடாவிட்டால் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான். மெட்டீரியல் சயன்ஸ் ஆய்வுக் கட்டுரை ஒன்றை லேடெக்கில் (கட்டளைகளால் பக்கத்தை அமைக்கும் மென்பொருள்), அதன் சாதாரண ஆர்ட்டிகிள் கிளாஸில் (கிளாஸ் என்பது பக்க அமைப்பைத் தீர்மானிக்கும் ஃபைல்) 22 பக்கத்துக்கு எழுதி முடித்துவிட்டீர்கள். எல்செவியர் பதிப்பகத்தின் இதழ் ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். இதழில் அச்சாகி வருவது மாதிரியே டபுள் காலத்தில், அதாவது பக்கத்துக்கு இரண்டு நெடுவரிசையாக, அமைத்து அனுப்பச் சொல்கிறார் உங்கள் கைடு. அப்படி அமைக்கப் போனால் படங்கள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன, அட்டவணை காலத்தை மீறி வெளியே நிற்கிறது, சமர்ப்பிக்கும் தளத்தில் ஏற்றினால் பிடிஎஃப் உருவாகாமல் எரர் வருகிறது. இரண்டு வாரம் இதிலேயே போய்விட்டது. இந்த இதழ் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் ஸ்பிரிங்கர் என்ற இன்னொரு பதிப்பகத்துக்காக மறுபடியும் முதலிலிருந்தா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் அடியில் வேறொரு பயம் இருப்பதாகத் தெரிகிறது: அமைப்பு சரியில்லை என்பதற்காகவே கட்டுரை நிராகரிக்கப்படுமோ? அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அதற்கு முன் நான் எந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஜர்னல் டைப்செட்டிங் வேலையில் பல வருடம் இருந்தவன். வெளிநாட்டுப் பெரிய பதிப்பகங்கள் பலவற்றின் ஏற்கப்பட்ட கட்டுரைகள் கடைசியில் வந்து சேர்வது சென்னை, புதுச்சேரி மாதிரி ஊர்களில் இருக்கும் டைப்செட்டிங் நிறுவனங்களுக்குத்தான். ஆசிரியர்கள் அனுப்பும் ஃபைலைத் திறந்து, பிரித்து, இதழின் அமைப்புக்குக் கொண்டுவருவதுதான் எங்கள் வேலை. இதழாசிரியர் நாற்காலியில் நான் உட்கார்ந்ததில்லை. அதனால் ஃபைலுக்கு என்ன நடக்கிறது என்பதைத் தைரியமாகச் சொல்வேன். ஏற்பது, மறுப்பது பற்றி நான் சொல்வதெல்லாம் இதழ்கள் தாங்களே எழுதி வைத்திருக்கும் விதிமுறைகளோடு நிற்கும்.

எல்செவியரில் நிறைய இதழ்கள் 'யுவர் பேப்பர் யுவர் வே' என்ற முறையைப் பின்பற்றுகின்றன. முதல் சமர்ப்பிப்புக்கு வாசிக்கக்கூடிய ஒரே பிடிஎஃப் போதும். மேற்கோள் பட்டியல்கூட எந்தப் பாணியில் இருந்தாலும் பரவாயில்லை, கட்டுரை முழுக்க ஒரே பாணியாக இருந்தால் சரி. திருத்தி அனுப்பச் சொல்லும் கட்டத்தில்தான் சோர்ஸ் ஃபைல்களைக் கேட்பார்கள். நீங்கள் அனுப்பப்போகும் இதழ் இந்த முறையில் இருக்கிறதா என்று அதன் 'கைடு ஃபார் ஆதர்ஸ்' பக்கத்தில் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். இரண்டு வாரம் செலவழிப்பதற்கு முன் செய்ய வேண்டிய இரண்டு நிமிட வேலை அது. இந்த முறையில் இல்லாத இதழ் என்றாலும், படம் குறைகிறது, வரி எண் இல்லை, ஆசிரியர் பெயர் மறைக்கப்படவில்லை என்று அலுவலகச் சோதனையில் திருப்பி அனுப்புவது நிராகரிப்பு ஆகாது. சரிசெய்து மறுபடி ஏற்றச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். சில நாள் வீணாகும், கட்டுரைக்கு ஒன்றும் ஆகாது.

இப்போது டபுள் காலத்துக்கு வருவோம். எல்செவியரின் கிளாஸ் ஃபைல் பெயர் எல்ஸ்ஆர்ட்டிகிள். அதில் 1பி, 3பி, 5பி என்று இதழின் அச்சு வடிவத்தைப் போலக் காட்டும் ஆப்ஷன்கள் உண்டு. 5பி போட்டால் டபுள் காலம் வரும், பார்க்க இதழ் மாதிரியே இருக்கும். ஆனால் கட்டுரை ஏற்கப்பட்ட மறுநாள் அந்த அமைப்பு முழுதும் குப்பைக்குப் போகிறது. எங்கள் கைக்கு வந்ததும் முதல் வேலை உங்கள் ஃபைலை எக்ஸ்எம்எல்லாக, அதாவது ஒவ்வொரு பகுதியும் இன்னது என்று அடையாளமிட்ட ஃபைலாக, மாற்றுவது. எது தலைப்பு, எது சுருக்கம், எது இரண்டாம் நிலைப் பிரிவு, எந்தச் சமன்பாட்டுக்கு எண் உண்டு, எந்த மேற்கோள் எந்த இடத்தில் அழைக்கப்படுகிறது என்ற செய்தி மட்டும்தான் அதில் ஏறும். நீங்கள் ஒரு வரியை மேலே இழுக்கப் பட்ட பாடு அதில் ஏறாது. இணையப் பக்கமும் அச்சுப் பிடிஎஃப்பும் அந்த எக்ஸ்எம்எல்லிலிருந்து, பதிப்பகத்தின் சொந்த அமைப்பில் புதிதாக எழும். படம் எந்தப் பக்கத்தில் நிற்கும் என்று முடிவு செய்யப்போவது நீங்கள் அல்ல. ஆகவே 5பியைப் பக்கக் கணக்குத் தெரிந்துகொள்ள ஒரு தடவை போட்டுப் பாருங்கள், அப்புறம் பிரீபிரிண்ட் அல்லது ரிவ்யூ ஆப்ஷனுக்கே திரும்புங்கள். ரிவ்யூ போட்டால் வரி இடைவெளி அகலமாகும், மதிப்பாய்வாளர் ஓரத்தில் குறிப்பு எழுத வசதி. ஒற்றைக் காலம் ஆனதும் உங்கள் படங்கள் ஓடுவதும் அட்டவணை மீறுவதும் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும்.

அப்படியானால் டெம்ப்ளேட் எதற்கு? அது தையல்காரர் வாங்கும் அளவுச் சீட்டு மாதிரி. சட்டை அங்கே தைக்கப்படுவதில்லை, ஆனால் சீட்டில் தப்பு இருந்தால் சட்டை தப்பாகத்தான் வரும். எல்ஸ்ஆர்ட்டிகிளில் முன்பகுதிக்கென்று ஒரு தனிச் சூழல் இருக்கிறது. அதற்குள் ஆசிரியர், நிறுவனம், தொடர்பு ஆசிரியர், சுருக்கம், திறவுச்சொற்கள் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டளை. அந்தந்தச் செய்தியை அந்தந்தக் கட்டளைக்குள் போட்டால் டெம்ப்ளேட்டின் வேலையில் பாதி முடிந்தது. ஆனால் வரும் ஃபைல்களில் அடிக்கடி பார்ப்பது என்ன தெரியுமா? தலைப்பை 'சென்டர்' சூழலுக்குள் போட்டு, பெரிய எழுத்தாக்கி, போல்டு செய்திருப்பார்கள். பிரிவுத் தலைப்பு 'செக்‌ஷன்' கட்டளையில் இருக்காது, கையால் '3.2' என்று அடித்து போல்டு போட்டிருக்கும். பத்தி முடிவில் வெற்று வரி விடாமல் இரண்டு பின்சாய்கோடு. படத்துக்கு மேலே கழித்தல் 3 மில்லிமீட்டர் இடைவெளி. பிடிஎஃப்பில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் மாற்றும் மென்பொருளுக்கு அது தலைப்பு என்றே தெரியாது, வெறும் தடித்த எழுத்துள்ள பத்தி என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையால் அடையாளம் போட வேண்டும். கை படும் இடங்களில்தான் பிழை நுழையும். அதே காரணத்துக்காக அட்டவணையையோ சமன்பாட்டையோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டாதீர்கள். அதை யாரோ பார்த்துத் தட்டச்சு செய்யப்போகிறார்கள், கிரேக்க 'நியூ'வும் ஆங்கில 'வி'யும் படத்தில் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும்.

குறுக்குச் சுட்டுகளில் ஒரு விஷயம். படம் 3 என்று இருக்க வேண்டிய இடத்தில் படம் 2.1 என்று வருகிறதா? லேபிள் கட்டளையை கேப்ஷனுக்கு முன்னால் போட்டிருப்பீர்கள். படத்துக்கு எண் தருவது கேப்ஷன்தான். அதற்கு முந்தி லேபிள் போட்டால், அப்போது நடப்பிலிருக்கும் எண்ணை, அதாவது பிரிவின் எண்ணை, அது பிடித்துக்கொள்ளும். கேப்ஷனுக்குக் கீழே நகர்த்தினால் சரியாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க முடியாமல் எண்ணைக் கையால் அடித்து அனுப்புகிறவர்கள் உண்டு. அது இன்னும் மோசம். மதிப்பாய்வாளர் ஒரு படத்தை நீக்கச் சொன்னதும் மற்ற எல்லா எண்ணும் தப்பாகிவிடும், லேடெக் ஒரு எச்சரிக்கைகூடத் தராது.

மேற்கோள் பட்டியல்தான் உங்கள் நேரத்துக்கு உண்மையிலேயே தகுதியான இடம். எல்ஸ்ஆர்ட்டிகிளோடு எண் முறைக்கு ஒரு பாணி ஃபைல், ஆசிரியர்-ஆண்டு முறைக்கு இன்னொன்று என்று சேர்ந்தே வருகின்றன. இதழ் எதைக் கேட்கிறதோ அதைப் போட்டால் காற்புள்ளி, அடைப்புக்குறி எல்லாம் லேடெக்கின் மேற்கோள் கருவியான பிப்டெக் பார்த்துக்கொள்ளும். பிப்டெக்கால் பார்க்க முடியாதது உள்ளே இருக்கும் தகவல். கூகுள் ஸ்காலரிலிருந்து எடுக்கும் பிப் பதிவில் (பிப்டெக்குக்கான மேற்கோள் விவரம்) டிஓஐ, அதாவது கட்டுரையின் நிரந்தர அடையாள எண், இருக்காது. இதழ் பெயர் ஒரு பதிவில் முழுசாக இருக்கும், இன்னொன்றில் சுருக்கமாக இருக்கும். மாநாட்டுக் கட்டுரையை இதழ்க் கட்டுரை என்று பதிந்திருப்பதும் உண்டு. கட்டுரை வெளியான பதிப்பகத்தின் பக்கத்திலிருந்தே பதிவை எடுங்கள். இன்னொன்று, உங்கள் துறைக்கே உரிய கண்ணி: பல பாணி ஃபைல்கள் கட்டுரைத் தலைப்பின் முதல் எழுத்தைத் தவிர மற்றதையெல்லாம் சிற்றெழுத்தாக்கிவிடும். தலைப்பில் கோபால்ட் குறியீடும் கார்பன் மோனாக்சைடு குறியீடும் வந்தால் இரண்டும் ஒரே இரண்டு சின்ன எழுத்துகளாக வந்து நிற்கும். பிப் ஃபைலில் அப்படிப்பட்ட சொற்களைச் சுற்றி நெளிவு அடைப்புக்குறி போட்டால் பிப்டெக் அவற்றைத் தொடாது. ஆய்வு மாணவர்களின் பட்டியலில் இந்தப் பிழை இல்லாமல் நான் பார்த்தது குறைவு.

படங்களைப் பற்றிக் கேள்வியில் நீங்கள் கேட்டது அவை நிற்கும் இடத்தைப் பற்றி மட்டும். ஆனால் கவலைப்பட வேண்டியது அளவும் தெளிவும். எல்செவியர் சொல்லும் அகலம் ஒற்றைக் காலத்துக்கு 90 மில்லிமீட்டர், முழு அகலத்துக்கு 190 மில்லிமீட்டர். தெளிவு, புகைப்படத்துக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்தில் இருக்கும் புள்ளிகள்), புகைப்படமும் எழுத்தும் கலந்ததற்கு 500, கோட்டுப்படத்துக்கு 1000. அதாவது 90 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு எஸ்இஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படம் என்றால் குறைந்தது 1063 பிக்சல், அதே அகலத்தில் வெறும் கோட்டுப்படத்தைப் பிக்சலாகக் கொடுத்தால் 3543. வரைபடங்களை பிடிஎஃப் அல்லது இபிஎஸ் ஆக, வெக்டராக (பிக்சலாக அல்லாமல் கோடுகளாகவே சேமித்தது) கொடுத்துவிட்டால் இந்தக் கணக்கே வேண்டாம். எழுத்தளவை மறக்காதீர்கள். இறுதி அளவில் 7 பாயின்ட், கீழ்க்குறிகள் 6 பாயின்டுக்குக் குறையக் கூடாது. மேட்பிளாட்லிபில் (பைதானில் வரைபடம் வரையும் கருவி) படத்தை 10 அங்குல அகலத்தில் வரைந்து, எழுத்தை 10 பாயின்ட் வைத்து, பிறகு லேடெக்கில் மூன்றரை அங்குலத்துக்குச் சுருக்குகிறீர்கள் என்று வையுங்கள். எழுத்தும் மூன்றரை பாயின்டாகச் சுருங்கும், பூதக்கண்ணாடி வேண்டும். வரையும்போதே மூன்றரை அங்குலம் என்று கொடுத்து 8 பாயின்ட் வையுங்கள். மேட்பிளாட்லிப் பிடிஎஃப்பில் எழுத்துருவை டைப் 3 ஆகப் பதிப்பது அதன் இயல்பு; அமைப்பில் எழுத்துரு வகையை 42 என்று மாற்றினால் ட்ரூடைப்பாகப் பதியும். பிற்பாடு படத்தில் ஒரு எழுத்தைத் திருத்த வேண்டி வந்தால் எங்களுக்கும் கை கொடுக்கும்.

உங்கள் கணினியில் ஓடுவது தளத்தில் ஏன் ஓடவில்லை? எரர் செய்தியை நீங்கள் ஒட்டவில்லை, அதனால் இதில் திட்டவட்டமாகச் சொல்ல முடியாது. ஆனால் வழக்கமான சந்தேகப் பேர்வழிகள் சிலர்தான். எல்செவியரும் இன்னும் பலரும் பயன்படுத்தும் எடிட்டோரியல் மேனேஜர் என்ற சமர்ப்பிப்புத் தளத்தில் ஃபைல்கள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். உங்கள் ஃபைலில் படங்கள் 'ஃபிகர்ஸ்' என்ற உள் ஃபோல்டரில் இருக்கின்றன என்றால் பாதையை நீக்கி வெறும் பெயரை மட்டும் விடுங்கள். அடுத்தது பெயரின் எழுத்து. விண்டோஸில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இரண்டும் ஒன்று. லினக்ஸ் சர்வரில் வேறு வேறு. படத்தின் பெயரில் முதல் எழுத்தைப் பெரிதாக வைத்து, கட்டளையில் சின்னதாக எழுதியிருந்தால் உங்கள் லேப்டாப் சிரித்துக்கொண்டே ஏற்கும், சர்வர் 'ஃபைல் இல்லை' என்று சொல்லும். பெயரில் இடைவெளி, அடைப்புக்குறி, தமிழ் எழுத்து எதுவும் வேண்டாம். மூன்றாவது, நாட்பிப் என்ற மேற்கோள் துணைப்பொதி. எல்ஸ்ஆர்ட்டிகிள் அதைத் தானே ஏற்றிக்கொள்கிறது. நீங்களும் வேறு ஆப்ஷனோடு ஏற்றினால் 'ஆப்ஷன் கிளாஷ்' வரும். உங்கள் வரியை எடுத்துவிட்டு, ஆப்ஷனை மாற்ற அந்தக் கிளாஸே தரும் பிப்ஆப்ஷன்ஸ் கட்டளையைப் பயன்படுத்துங்கள். நான்காவது, மேற்கோள்கள் எல்லாம் கேள்விக்குறியாக வந்தால் .பிபிஎல் ஃபைலையும் (பிப்டெக் உருவாக்கித் தரும் மேற்கோள் பட்டியல்) சேர்த்து ஏற்றுங்கள், அதன் பெயர் முதன்மை .டெக்ஸ் ஃபைலின் பெயரோடு ஒத்திருக்க வேண்டும். பிப்லேடெக், பைபர் என்ற வேறு மேற்கோள் கருவியைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் சாதாரண பிப்டெக்குக்கு மாறிவிடுங்கள். அது தரமான கருவிதான், ஆனால் இதழ்களின் கிளாஸ் ஃபைல்கள் பெரும்பாலும் பிப்டெக்கை நம்பி எழுதப்பட்டவை. எரர் லாகில் கடைசியிலிருந்து படிக்க வேண்டாம். முதல் எரரைச் சரிசெய்தால் கீழே இருக்கும் நாற்பதும் சேர்ந்து மறைந்துவிடுவது சகஜம். இணையத்திலேயே லேடெக் ஓட்டும் ஓவர்லீஃபில் காலியான புதுப் புராஜெக்ட் ஒன்றைத் திறந்து, ஏற்றப்போகும் ஃபைல்களை மட்டும் போட்டு ஓட்டிப் பாருங்கள். அங்கே ஓடினால் தளத்திலும் பெரும்பாலும் ஓடும். இரண்டிலும் டெக் லைவ் (லேடெக் மென்பொருள் தொகுப்பு) பதிப்பு வேறு வேறாக இருக்கலாம் என்பதால் உத்தரவாதம் தரமாட்டேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு விஷயம், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஸ்பிரிங்கர் நேச்சரின் டெம்ப்ளேட்டில் ஆசிரியர் பெயருக்கு முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு தனிக் கட்டளைகள். சமர்ப்பிக்கும் தளங்களிலும் அப்படியே இரண்டு கட்டங்கள். 'கே. முருகன்' என்று எழுதும் ஒருவர் குடும்பப்பெயர்க் கட்டத்தில் 'கே' என்று போட்டால், அவரை மேற்கோள் காட்டுகிறவர்கள் பட்டியலில் அவர் 'கே, எம்.' ஆகிவிடுவார். முருகனைத் தேடினால் கிடைக்கமாட்டார். ஒரு கட்டுரையில் இப்படி, அடுத்ததில் அப்பா பெயரை விரித்து எழுதியது, இன்னொன்றில் இனிஷியல் பின்னால் என்று போனால் தரவுத்தளங்களில் ஒரே ஆள் மூன்று பேராகப் பிரிந்து கிடப்பார். எது சரி என்று நான் சொல்லமாட்டேன், அது உங்கள் பெயர். ஆனால் ஒரே வடிவத்தை முதல் கட்டுரையிலேயே முடிவுசெய்து, ஆர்கிட் எண்ணையும் (ஆய்வாளருக்கான தனி அடையாள எண்) எடுத்து, எல்லா இடத்திலும் அதையே போடுங்கள். வெளியான பிறகு இதைத் திருத்துவது பெரும்பாடு.

இவ்வளவு தூரம் நான் சொன்னதற்கு நேர்மாறான இடம் ஒன்று இருக்கிறது: மாநாடுகள். ஐஈஈஈ மாநாடுகள் பலவற்றில் நீங்கள் தரும் பிடிஎஃப்தான் அப்படியே வெளியாகும், நடுவில் டைப்செட்டர் யாரும் இல்லை. அங்கே டபுள் காலம், ஓர அளவு, பக்க வரம்பு எல்லாம் உங்கள் பொறுப்பு. நியூரிப்ஸ் மாதிரி இயந்திரக் கற்றல் மாநாட்டில், ஸ்டைல் ஃபைலில் கைவைத்தால் அதுவே நிராகரிக்கக் காரணமாகலாம் என்று விதியிலேயே எழுதியிருக்கிறார்கள். இடம் போதவில்லை என்று ஓரத்தைச் சுருக்கும் ஆட்களுக்காகத்தான். உங்கள் கைடு டபுள் காலத்தை வற்புறுத்துவது இப்படி மாநாட்டுப் பழக்கத்திலிருந்து வந்ததாக இருக்கலாம் என்பது என் ஊகம். இதழ்களிலும் எல்லாம் ஒன்றல்ல. பிளாஸ் இதழ்களுக்கு லேடெக்கில் அனுப்பினால் படங்களைக் கட்டுரைக்குள் வைக்காமல் தனி ஃபைல்களாகத் தர வேண்டும், தலைப்புக் குறிப்பு மட்டும் உரையில் இருக்கும்.

நிராகரித்தால் ஸ்பிரிங்கருக்கு மாற்ற எவ்வளவு வேலை என்பது நீங்கள் இப்போது ஃபைலை எப்படி வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அறிமுகத்திலிருந்து முடிவுரை வரைக்குமான உடலைத் தனி .டெக்ஸ் ஃபைலாக வையுங்கள். அதற்குள் எந்த இதழின் தனிக் கட்டளையும் நுழையக் கூடாது. கிளாஸ், ஆசிரியர் விவரம், சுருக்கம், மேற்கோள் பாணி எல்லாம் ஒரு சின்ன மேலுறை ஃபைலில். எல்செவியருக்கு ஒரு மேலுறை, ஸ்பிரிங்கருக்கு இன்னொன்று, உடல் ஒன்றே. ஸ்பிரிங்கர் கிளாஸில் மேற்கோள் பாணியை கிளாஸின் ஆப்ஷனிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும், அதைத் தவிரப் பெரிய வித்தியாசம் இல்லை. ஒழுங்காக வைத்திருந்தால் அரை நாள் வேலை. அனுப்பும்போது ஒரே ஃபைலாகக் கேட்டால் லேடெக்ஸ்பாண்ட் என்ற சின்னக் கருவி உடலையும் மேலுறையையும் இணைத்துத் தந்துவிடும். திருத்தப் பிரதி கேட்கும்போது எது மாறியது என்று நிறம்போட்டுக் காட்ட லேடெக்டிஃப் இருக்கிறது, பழைய பிரதியை அழிக்காமல் வைத்திருங்கள்.

அழகாக அமைந்த பிடிஎஃப் மதிப்பாய்வாளரின் மனதை மாற்றுமா என்று சிலர் கேட்பதுண்டு. எந்த இதழின் மதிப்பாய்வுப் படிவத்திலும் அழகுக்கு மதிப்பெண் போடும் கட்டத்தை நான் பார்த்ததில்லை. அலட்சியமான பிரதி எரிச்சல் மூட்டும் என்பது நம்பக்கூடியதுதான், ஆனால் மதிப்பாய்வாளரை எரிச்சலூட்டுவது ஒற்றைக் காலமாக இருக்காது; வாசிக்க முடியாத படமும், உரையில் அழைக்கப்பட்டு இல்லாமல் போன அட்டவணையும், கேள்விக்குறியாக நிற்கும் மேற்கோளுமாக இருக்கும்.

ஆகவே கைடிடம் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். இதழின் 'கைடு ஃபார் ஆதர்ஸ்' பக்கத்தில் முதல் சமர்ப்பிப்பு பற்றிய பத்தியை அச்செடுத்துக்கொள்ளுங்கள். 5பி ஆப்ஷனில் ஓட்டிய பிரதி ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் எத்தனை பக்கம் வருகிறது என்று பார்க்க அவருக்கும் ஆசை இருக்கும். தளத்தில் ஏற்றுவது ரிவ்யூ ஆப்ஷனில் ஓட்டியதாக இருக்கட்டும். 'ஹைலைட்ஸ்' (கட்டுரையின் முக்கிய முடிவுகளைச் சொல்லும் சிறு வரிகள்) கேட்கும் இதழ் என்றால் மூன்றிலிருந்து ஐந்து வரி, ஒவ்வொன்றும் இடைவெளி சேர்த்து 85 எழுத்துக்குள். இதை மறந்துதான் பலருடைய சமர்ப்பிப்பு கடைசி நிமிடத்தில் நிற்கிறது. எரர் மறுபடியும் வந்தால் லாகின் முதல் எரருக்கு மேலே ஐந்து வரி, கீழே ஐந்து வரி இங்கே ஒட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.